ஐயாவின் நேர்த்தியும் இரண்டு ஏக்கர் வயலும்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா பங்கு ஆலயத்தில் முப்பத்தொரு வருடம் ஊழியம் செய்தவர். மணி அடித்து, பீடத்துணி துவைத்து, திருப்பலிக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்து, ஆலயத்துக்கு வருகிற கடைசி ஆள் போனபின் கதவைப் பூட்டியவர். 2008 இன் இறுதியில் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடியபோது, பங்குத்தந்தை ஒப்படைத்த திருமுழுக்குப் பதிவேட்டை இரண்டு சொப்பிங் பைகளுக்குள் சுற்றி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனவர். வலைஞர்மடத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தபோது, "மூன்று பிள்ளைகளும் உயிரோடு தப்பினால் வயலில் பாதி மாதாவுக்கு" என்று நேர்ந்திருக்கிறார். மூன்று பிள்ளைகளும் தப்பினார்கள். பதிவேடும் தப்பியது.

ஐயா காலமாகி வரும் கிழமையோடு ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மகளிடம் "அந்த நேர்த்தியை மறந்துவிடாதே" என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, வயலில் பாதியை ஆலயத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தன் செலவில் ஐயாவின் பெயர் பொறித்த மணிக்கோபுரம் கட்ட வேண்டும் என்கிறார். பதினைந்து இலட்சம் ரூபா தருவதாகச் சொல்லி, முதல் தொகையை ஆலயக் கட்டடக் குழுவில் உள்ள ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பியும் விட்டார். அந்த வயலைச் செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தம்பி, "பாதி வயல் போனால் நான் கூலிக்குத்தான் போக வேண்டும்" என்று மறுக்கிறார். இருவரும் பேசுவதில்லை. தம்பி திருப்பலிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். இதற்கிடையில் தம்பியின் கடைசிப் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. "நேர்த்தியை நிறுத்தி வைத்ததற்குத் தண்டனை இது" என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சகோதரி கேட்பது இதுதான்: "சட்டப்படி நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கடவுளுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?"

அன்பின் சகோதரிக்கு,

நான் சட்டத்தரணி. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல உங்கள் பங்குத்தந்தைக்கே அதிக உரிமை உண்டு. ஆனாலும் வன்னியில் காணி வழக்கையும் ஆலயத்தையும் பிரித்துப் பேச முடியாது என்பதை இத்தனை வருடத் தொழிலில் கண்டிருக்கிறேன். அதனால் இரண்டையும் தொடுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றி. டெங்கு ஏடிஸ் நுளம்பினால் வருகிறது. மழை முடிந்த கையோடு சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரில் அது பெருகுகிறது. உங்கள் ஐயா எந்தப் பிள்ளைகளின் உயிருக்காக நேர்ந்தாரோ, அவர்களின் பிள்ளையைக் கொண்டு அந்தக் கடனை வசூலிக்கிற கடவுளை அவர் முப்பத்தொரு வருடம் கும்பிட்டிருக்க மாட்டார். அந்த வார்த்தை உங்கள் தம்பியின் காதில் விழுந்திருக்கிறது. அவர் ஆலயத்துக்கு வராமல் இருப்பதற்கு வயலைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். யாராவது ஒருவர் அவரிடம் போய், "அந்தப் பேச்சு பிழை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

அந்த வயல் யாருடையது?

நீங்கள் இணைத்து அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். நீங்கள் "உறுதி" என்று எழுதியிருப்பது, சொந்த உடைமையைக் காட்டும் உறுதி அன்று. அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரம். 1935 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் ஏராளமான வயல்களும் மேட்டுக்காணிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. மூன்று தலைமுறையாக உழுதுவரும் குடும்பங்களுக்குக்கூட, அது அரச காணி என்பதும் தங்களிடம் இருப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி என்பதும் பல நேரம் நினைவில் இருப்பதில்லை. ஐயாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். பதுங்குகுழிக்குள் இருக்கிற மனிதன் பத்திரத்தின் வகையை யோசித்து நேர்வதில்லை.

இந்தக் காணியை நினைத்தபடி விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் எழுதப்படும் கைமாற்றத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பாதியாகப் பிரிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. குறிப்பிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. ஆகவே அண்ணா சொல்கிறபடி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போய்ப் பாதி வயலை ஆலயத்தின் பெயருக்கு எழுதினால், ஆலயத்துக்குக் கிடைப்பது பெறுமதியற்ற ஒரு கடதாசி. உங்கள் குடும்பத்துக்கோ நிபந்தனையை மீறியதாக உத்தரவுப் பத்திரமே ரத்தாகிற ஆபத்து.

"தேசவழமைப்படி மூத்த ஆண்பிள்ளைக்கே கூடுதல் உரிமை" என்று அண்ணா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் அப்படி ஒரு விதி இல்லை. அதற்கும் மேலாக, உத்தரவுப் பத்திரக் காணியின் உரித்துக்குத் தேசவழமை பொருந்தவே பொருந்தாது. அதற்கு அந்தச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. ஐயா இறந்ததும் முதலில் உரித்து பெறுபவர் உங்கள் அம்மா. ஐயா வேறு யாரையாவது பின்னுரித்தாளராகப் பெயர் குறித்துப் பதிந்திருந்தாலும், அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்தக் காணியை ஆள அவருக்கு உரிமை உண்டு. எவரும் பெயர் குறிக்கப்படாத இடத்தில் முன்பு மகன்மாருக்கு முன்னுரிமை இருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அந்த ஆண் பெண் பாகுபாட்டை நீக்கியது. எனவே நீங்கள் "எனக்கு இதில் பேச உரிமை இல்லை" என்று எழுதியிருப்பதும் சரியல்ல.

ஐயாவின் வாய்ச்சொல்

இலங்கைச் சட்டத்தில் இறுதி விருப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொட்டு இதுவே விதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கொண்டு எவரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது.

ஆனால் இதை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பயப்படுவது நீதிமன்றத்துக்கு அன்று. திருச்சபைக்கும் ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. 1983 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்டது. அதன் 1299 ஆம் பிரிவு, திருச்சபையின் நன்மைக்காக ஒருவர் இறக்குமுன் தெரிவித்த விருப்பத்தில் நாட்டுச் சட்டத்தின் முறைகள் விடுபட்டிருந்தால், அதை நிறைவேற்றும் கடமையை வாரிசுகளுக்கு நினைவூட்ட வேண்டும் என்கிறது. உங்கள் மனச்சாட்சி உறுத்துவதில் பிழை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதே தொகுப்பின் 1193 ஆம் பிரிவையும் பாருங்கள். நேர்த்தி என்பது அதன் இயல்பிலேயே, நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று அது சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து ஒருவரை விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கும் தரப்பட்டிருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஐயாவின் ஆசையை நீங்கள் மதிக்க வேண்டும். அவரால் கொடுக்க முடியாதிருந்த காணியை நீங்கள் எப்பாடு பட்டாவது கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று பிள்ளைகளும் அம்மாவும் சேர்ந்து பங்குத்தந்தையிடம் போங்கள். அண்ணா தொலைபேசியில் வரட்டும். நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். இந்த நேர்த்தியை வேறு எந்த வகையில் நிறைவு செய்யலாம் என்று கேளுங்கள். இதை அவர் வாயாலேயே எல்லோரும் கேட்பது முக்கியம். நான் எழுதியதை நீங்கள் வாசித்துக் காட்டினால் அண்ணா "சட்டத்தரணி அப்படித்தான் சொல்லுவார்" என்பார்.

இன்னொன்றையும் கேட்கிறேன். 2010 இல் மீளக்குடியமர்ந்தபின் ஐயா எத்தனை காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, செய்திருப்பார்? அத்தனை வருடமும் அவர் ஏன் எவரிடமும் காணியைப் பற்றிப் பேசவில்லை? மறந்திருக்க மாட்டார் என்பது கடைசி வார்த்தையில் தெரிகிறது. அவர் மனதை நாம் அறிய முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பழைய மணி போரில் காணாமல் போய்விட்டது. திரும்பி வந்தபின் ஐயா ஒரு லொறிச் சில்லின் இரும்பு வளையத்தை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, காலை ஐந்தே முக்காலுக்கு அதைத் தட்டினார். முழங்கால் வீங்கியிருந்த மாதங்களிலும் போனார். ஒவ்வொரு அறுவடையிலும் முதல் விளைச்சலான புதிர் நெல்லை முதலில் ஆலயத்துக்கு அனுப்பினார். நேர்ந்த கடனை அவர் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருந்தார் என்று நான் வாசித்தேன். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

அம்மா எங்கே?

நான்கு பக்கத்தில் அம்மா ஒரே ஒரு வரியில் வருகிறார்: "அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறா." அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றேன். அந்த வயலின் உரித்து இன்று அவரிடம் இருக்கிறது. அதில் விளையும் நெல்தான் அவருடைய சோறு. அவரைக் கேட்காமல் அண்ணா கோபுரம் கட்டுகிறார், தம்பி உழுகிறார், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாய் தந்தையைப் பராமரிக்க வேண்டிய பொருளை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு மிகவும் கடுமையாகப் பேசுகிறார். கடவுளின் கட்டளையை மரபின் பெயரால் வெறுமையாக்குகிறீர்கள் என்கிறார். காணிக்கைக்கும் தாயின் சோற்றுக்கும் இடையே தெரிவு வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

தம்பியின் நிலையையும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டு ஏக்கர் என்பது வசதியான வயல் அன்று. கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது விழுந்த கடனுக்கு மனைவியின் நகை இன்னும் அடகில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணா அவரைப் "பேராசைக்காரன்" என்றது அநியாயம். அதை அண்ணாவிடம் நீங்கள் சொல்லுங்கள், தங்கையின் உரிமையோடு.

ஆனால் அண்ணாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் மரணச்சடங்குக்கு வர முடியாமல், பனிக்காலத்து அதிகாலையில் கைப்பேசியில் ஐயாவின் பெட்டி இறங்குவதைப் பார்த்தவர். பிடிமண் போடாதவருக்கு, ஐயா இங்கே இருந்தார் என்று காட்டும் ஒரு கல் வேண்டியிருக்கிறது. அவர் கோபுரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்கு ஆடம்பரம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முதலில் அவருடைய அழுகையைக் கேளுங்கள், காணிப் பேச்சைப் பிறகு எடுக்கலாம்.

அனுப்பிய பணம்

இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆலயத்துக்கான பணம் தனி மனிதரின் கணக்குக்குப் போகக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நாளை அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பணம் அவருடைய குடும்பத்தின் சொத்தாகவே வங்கியில் தெரியும். அவரிடம் மரியாதையாகக் கேட்டு, பங்கின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மாற்றி, பங்குத்தந்தையின் கையெழுத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். என்ன நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்று அண்ணா ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தரப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1267 ஆம் பிரிவு. காணிக்கை கொடுத்த மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. ஆகவே கணக்குக் கேட்பதை எவரும் அவிசுவாசம் என்று சொல்ல முடியாது. ஐயாவும் எண்ணெய் வாங்கிய காசைக்கூடக் கொப்பியில் எழுதி வைத்தவர்தானே.

கோபுரம் கட்டுவதென்றால் பங்குத்தந்தையின் வழியாக மறைமாவட்டத்தின் சம்மதமும், பிரதேச சபையின் கட்டட அனுமதியும் வேண்டும். பிறகு அதைப் பராமரிப்பது யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலய வளவிலேயே இடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோபுரத்துக்கும் உங்கள் வயலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டதால்தான் சண்டை இவ்வளவு வளர்ந்தது.

நினைவாக என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். அந்தத் திருமுழுக்குப் பதிவேடு இப்போது எப்படி இருக்கிறது? ஓரங்கள் கறையான் அரித்திருப்பதாகவும், நடுத்தாள்கள் கழன்று வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். இடம்பெயர்வில் எல்லாப் பத்திரத்தையும் இழந்த எத்தனை பேர், தாங்கள் எப்போது பிறந்தோம், தாய் தகப்பன் யார் என்று காட்ட அந்த ஏட்டைத் தேடி வந்தார்கள்! முகாமிலிருந்து திரும்பிய வருடம் ஆலய வாசலில் வாங்கு போட்டு ஐயா ஒவ்வொரு பெயராக விரலால் தடவித் தேடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பங்குத்தந்தையின் சம்மதத்தோடு அந்த ஏட்டை நல்ல முறையில் பிரதி எடுத்து, மறுபடி கட்டி, கறையான் ஏறாத இரும்பு அலுமாரி ஒன்றில் வைக்க அண்ணாவின் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். பிரதி ஒன்று ஆயர் இல்லத்தில் இருக்கட்டும். அதில் இருப்பவை மக்களின் சொந்த விவரங்கள், ஆகவே இணையத்தில் ஏற்ற வேண்டாம். அலுமாரியின் கதவில் ஐயாவின் பெயரை எழுதுங்கள். அண்ணாவின் கல் அதுவாகவும் இருக்கலாம். அதோடு ஒரு நல்ல மணியும் வாங்கித் தரட்டும். கோபுரம் இல்லாமலும் மணி ஒலிக்கும். வேப்பமரம் இன்னும் நிற்கிறதுதானே.

வயலைப் பொறுத்தவரை, நிலத்தைக் கொடுக்க முடியாது, விளைச்சலில் கொடுக்கலாம். ஐயா அனுப்பிய புதிரைத் தம்பி தொடரட்டும். எத்தனை மூட்டை என்று நீங்களோ அண்ணாவோ சொல்லக்கூடாது. அறுவடை முடிந்து, கடன் கட்டி, வீட்டுக்கு வேண்டியதை எடுத்தபின் அவராகவே மனம் வைத்துக் கொடுக்கட்டும். விளையாத வருடத்தில் கொடுக்காமல் விடட்டும். கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை உங்கள் மறைக்கல்வி வகுப்பில் நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். ஆண்டு நினைவுத் திருப்பலியையும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுக்குப் பெரிய செலவும் வேண்டாம்.

அம்மா தன் தாலிக்கொடியை மடு மாதாவுக்குப் போட யோசிக்கிறார் என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய சொத்து, தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்க அதையாவது கொடுக்கலாம் என்று நினைக்கிறாரா என்று மட்டும் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். பதில் ஆம் என்றால், ஆவணித் திருநாள்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் அவசரம். உத்தரவுப் பத்திரக்காரர் இறந்த ஆறு மாதத்துக்குள் அவருடைய துணை காணியை ஏற்று ஆட்சி கொள்ளாவிட்டால், உரித்து தவறியதாகச் சட்டம் கருதுகிறது. வயலைத் தம்பி செய்கிறார், அம்மா அதே வீட்டில் இருக்கிறார் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனாலும் அலுவலக ஏட்டில் அது ஏற வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. கோபுரமும் மணியும் பொறுக்கும். அடுத்த வாரமே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போங்கள். ஐயாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், உத்தரவுப் பத்திரத்தின் மூலப்பிரதி, அம்மாவின் அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஐயா யாரையாவது பின்னுரித்தாளராகப் பதிந்திருக்கிறாரா என்று பேரேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பியின் உழவு இயந்திரப் பெட்டியிலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு மூவரும் சேர்ந்து போங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி